வாசகர் கேள்வி–பதில்: செல்லுக்குள் குடியிருக்கும் கிளமிடியா

பாலியல் தொற்றுகளைப் பற்றி இப்பகுதியில் முன்பு வந்த ஒரு பதிலில் கிளமிடியாவை ஒரே வரியில் கடந்துவிட்டேன். அதன் விளைவாக வந்து குவிந்த கடிதங்களில் அந்தக் கிருமியின் மரபணுக்களையும் அது நோய் உண்டாக்கும் விதத்தையும் குறித்த கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரி நூலகத்தில் உள்ள பழைய நூல் ஒன்று கிளமிடியாவைப் ‘பெரிய வைரஸ்’ என்கிறது. பாடநூலோ பாக்டீரியா என்கிறது. எது சரி? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: பாடநூலே சரி. ஆனால் பழைய நூலாசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் கையில் இருந்த சான்றுகள் அப்படி. சிஃபிலிஸ் நோயைக் குரங்குகளில் ஆராய்வதற்காக ஜாவாத் தீவுக்குச் சென்ற ஜெர்மானியக் குழுவைச் சேர்ந்த லுட்விக் ஹால்பர்ஸ்டேட்டரும் ஸ்டானிஸ்லாஸ் ஃபான் புரோவாசெக்கும், 1907-ஆம் ஆண்டில், டிராக்கோமா என்னும் கண்நோய் கண்டவர்களின் இமையின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்து ஒராங்குட்டான்களின் கண்ணில் தடவினார்கள். அவற்றுக்கும் நோய் தொற்றியது. கீம்சா சாயம் ஏற்றிப் பார்த்தபோது, செல்லின் உட்கருவை ஒட்டி, போர்த்தினாற்போல, நுண்துகள்கள் நிறைந்த திட்டுகள் தெரிந்தன. மேலங்கியைக் குறிக்கும் ‘கிளமிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து இன்றைய பெயர் வந்தது அதனால்தான்.

அந்தத் துகள்களை எந்த ஆய்வக ஊடகத்திலும் வளர்க்க முடியவில்லை. இதன் உறவினமான கிளிக்காய்ச்சல் கிருமி, பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் வடிகட்டியைத் தாண்டிச் சென்றது. உயிருள்ள செல்லில் மட்டும் வளர்வது, வடிகட்டியில் சிக்காதது ஆகிய இரண்டும் அன்று வைரஸுக்கு உரிய இலக்கணமாக இருந்தமையால் அந்தப் பட்டியலிலேயே இதையும் சேர்த்தார்கள். பெய்ஜிங்கில் டாங் ஃபெய்ஃபானும் அவருடைய சகாக்களும் கோழிக் கருமுட்டையின் மஞ்சள்கருப் பையில் டிராக்கோமாக் கிருமியை வளர்த்துக்காட்டி 1957-இல் அறிவித்தனர். தாம் வளர்த்ததுதான் நோய்க்குக் காரணம் என்று மெய்ப்பிக்க டாங் அதைத் தம் கண்ணிலேயே இட்டுக்கொண்டார். கிருமி கைக்கு வந்தபின் அதில் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டும் உள்ளன, புரதம் ஆக்கும் ரைபோசோம்கள் சொந்தமாக உள்ளன, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்கு அது கட்டுப்படுகிறது என்பன ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. இவற்றைத் தொகுத்து, இது பாக்டீரியாவே என்று 1960-களில் உறுதியாக வாதிட்டவர்களில் ஜேம்ஸ் மோல்டர் முக்கியமானவர்.

கேள்வி: செல்லுக்குள் புகுந்த பின் இது என்ன செய்கிறது? உள்ளே வரும் கிருமிகளைச் செரித்துவிடும் ஏற்பாடு நம் செல்லில் இருக்கும்போது இது மட்டும் எப்படித் தப்புகிறது? (செவிலியர், சேலம்)

பதில்: இந்தக் கிருமிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்று, தொற்றும் வடிவம். ஆய்வாளர்கள் ‘எலிமென்டரி பாடி’ என்பார்கள். ஒரு மைக்ரோமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள இந்தச் சிறு உருண்டையின் வெளியுறைப் புரதங்கள் கந்தகப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருக்கும். உள்ளே டி.என்.ஏ., ஹிஸ்டோன் போன்ற புரதங்களால் இறுக்கிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். நெல் விதைபோல வெளியுலகைத் தாங்குமே தவிர, அந்நிலையில் பெருகாது. மற்றொன்று, பெருகும் வடிவமான ‘ரெட்டிகுலேட் பாடி’. இது சுமார் ஒரு மைக்ரோமீட்டர் பருமன் உடையது, மெல்லிய உறை கொண்டது. இது பிளவுறும், ஆனால் வெளியே வந்தால் வேறொரு செல்லைத் தொற்ற முடியாது.

விதை வடிவம் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஹெப்பரான் சல்ஃபேட் என்னும் சர்க்கரைச் சங்கிலியில் முதலில் ஒட்டுகிறது. ஒட்டியதும், ஊசிபோன்ற ஒரு கருவியால் தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்துகிறது. ‘மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு’ எனப்படும் இந்தக் கருவி சால்மோனெல்லா முதலிய பிற கிருமிகளிலும் உண்டு. அவ்வாறு உட்செல்லும் டார்ப் என்ற புரதம், செல்லுக்கு உருவம் தரும் ஆக்டின் இழைகளை அந்த இடத்தில் திரளச் செய்ய, செல் தானாகவே கிருமியை வாரி விழுங்கிவிடுகிறது. பொதுவாக மற்ற உயிரினங்களை விழுங்கும் வழக்கமில்லாத உட்படலச் செல்லை விழுங்கவைக்கும் வேலை இது.

விழுங்கப்பட்டது ஒரு சவ்வுப் பைக்குள் இருக்கும். சாதாரணமாக அப்பை, செரிமான நொதிகள் நிறைந்த லைசோசோமோடு இணைந்து உள்ளிருப்பதைக் கரைத்துவிடும். கிளமிடியாவோ சில மணி நேரத்துக்குள் தன் புரதங்களை அந்தப் பையின் சவ்விலேயே பதித்துவிடுகிறது. ‘இங்க்’ எனப்படும் இந்தக் குடும்பத்தில் ஐம்பதுக்குக் குறையாத புரதங்கள் உள்ளன. அவை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு, செல்லுக்குள் நடக்கும் சரக்குப் போக்குவரத்துக்குப் பொய்யான முகவரி காட்டுகின்றன எனலாம். லைசோசோம் அந்தப் பையை அடையாளம் காண்பதில்லை. கொழுப்புப் பொருள்களை ஏற்றிவரும் வண்டிகளோ அதனிடம் வந்து இறக்குகின்றன. எடுத்துக்காட்டாக, இங்க்-டி என்ற புரதம், செராமைடு என்ற கொழுப்பைச் சுமந்து செல்லும் நம் செல்லின் ஒரு புரதத்தைப் பிடித்துப் பையோரம் நிறுத்திவைத்துக்கொள்கிறது. தொற்றுக்குள்ளான செல் தன்னையே மாய்த்துக்கொள்வது உடலின் இன்னொரு தற்காப்பு. அதையும் கிருமி ஒத்திப்போடுகிறது. இத்தனை ஏற்பாடுகளுக்கு இடையில் பெருகும் வடிவம் பிளவுண்டு பிளவுண்டு பையை நிரப்பும். சுமார் ஒரு நாள் கழிந்ததும் அவை சிறிது சிறிதாக மீண்டும் விதை வடிவத்துக்கு மாறத் தொடங்கும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் செல் வெடித்தோ, அல்லது செல் சாகாமலேயே பையின் ஒரு பகுதி பொட்டலமாக வெளித்தள்ளப்பட்டோ அடுத்த தலைமுறை வெளியேறும்.

கேள்வி: கிளமிடியாவுக்கு மரபணுக்கள் மிகக் குறைவு என்று படித்தேன். மரபணு குறைந்த உயிர் பலவீனமாகத்தானே இருக்க வேண்டும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: தனித்து வாழ வேண்டுமென்றால் பலவீனம்தான், இதுவோ தனித்து வாழ்வதே இல்லை. நாம் பேசிவரும் இனமான கிளமிடியா டிராக்கோமாட்டிஸின் முழு மரபணுத் தொகுதி 1998-இல் வெளியானது. அதில் 10,42,519 கார இணைகளும் (டி.என்.ஏ.வின் எழுத்துகள்) புரதத்துக்குரிய 894 மரபணுக்களும் இருந்தன. நம் குடலில் வாழும் ஈ.கோலையின் நன்கறியப்பட்ட ஆய்வகக் கிளையில் ஏறத்தாழ 46 லட்சம் கார இணைகளும் 4,300 மரபணுக்களும் உண்டு. வாடகை வீட்டில் சமையலறையும் கிணறும் ஏற்கெனவே இருக்கும்போது தனியாக எதற்கு என்று இந்தக் கிருமி விட்டொழித்தவை ஏராளம். டி.என்.ஏ.வுக்கு வேண்டிய பியூரின், பிரிமிடின் அடிப்படைகளைத் தொடக்கத்திலிருந்து ஆக்கும் வழிகள் அதனிடம் இல்லை. பெரும்பாலான அமினோ அமிலங்களையும் அது நம் செல்லிடமிருந்தே பெறுகிறது.

ஆற்றலுக்கான ஏ.டி.பி.யைக்கூட நம் செல்லிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் ஒரு கடத்துபுரதம் அதற்கு உண்டு. இதனால் ‘ஆற்றல் ஒட்டுண்ணி’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டிருந்தது. ஆனால் 1998-இல் மரபணுக்களைப் படித்தபோது, குளுக்கோஸை உடைத்துத் தானே ஏ.டி.பி. ஆக்குவதற்கான மரபணுக்களும் அங்கே இருந்தன. கிடைக்கும்போது திருடும், வேண்டும்போது உழைக்கும்.

அதைவிட வியப்பான இன்னொரு புதிரும் அன்று வெளிப்பட்டது. பாக்டீரியாவின் சுவரில் பெப்டிடோகிளைக்கான் என்னும் வலைப்பொருள் இருக்கும். பெனிசிலின் தாக்குவது அதன் ஆக்கத்தைத்தான். கிளமிடியாவில் அந்த வலைப்பொருளை யாராலும் பிரித்தெடுக்க முடியவில்லை, ஆனால் பெனிசிலின் அதைப் பாதித்தது. இல்லாத ஒன்றைத் தாக்கும் மருந்து எப்படி வேலை செய்யும் என்று பல பத்தாண்டுகள் குழம்பினார்கள். மரபணுத் தொகுதியிலோ அதை ஆக்குவதற்கான மரபணுக்கள் ஏறத்தாழ முழுமையாக இருந்தன. 2014-இல்தான், ஒளிரும் அடையாளம் பூட்டத்தக்க அமினோ அமிலத் துண்டுகளைக் கொடுத்து, கிருமி பிளவுறும் இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய வளையமாக அந்தப் பொருள் தோன்றுவதைக் கண்டார்கள். வேலிபோல் உடலைச் சுற்றி வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, இரண்டாகப் பிரியும்போது மட்டும் பயன்படுத்திக்கொள்கிறது. மற்ற பாக்டீரியாக்கள் பிளவுறுவதற்குப் பெரும்பாலும் நம்பியிருக்கும் எஃப்.டி.எஸ்.செட் என்ற புரதம் கிளமிடியாவில் இல்லை. எம்ஆர்இபி என்ற வேறொரு புரதம் அந்த வேலையைப் பார்க்கிறது.

அமீபாக்களுக்குள் குடியிருக்கும் இதன் தூரத்து உறவுகளுக்கு மரபணுத் தொகுதி இருமடங்குக்கு மேல் பெரியது. 2004-இல் அத்தகைய ஒன்றின் தொகுதியைப் படித்தவர்கள், இக்குலத்தின் பொது மூதாதை சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிற செல்லுக்குள் வாழப் பழகியிருந்தது என்று கணித்தார்கள். அதாவது, மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே கற்ற வித்தை இது.

கேள்வி: ராணுவப் பணியில் இருந்தபோது, ராஜஸ்தான் கிராமங்களில் இமை மயிர் உள்நோக்கி வளைந்து பார்வை இழந்த முதியவர்களைப் பார்த்திருக்கிறேன்; டிராக்கோமா என்றார்கள். அதே கிருமிதான் பாலியல் நோயையும் உண்டாக்குகிறது என்பது உண்மையா? அப்படியானால் ஒன்று கண்ணிலும் ஒன்று வேறிடத்திலும் நிற்பது ஏன்? (வாசகர், வேலூர்)

பதில்: உண்மைதான், இனம் ஒன்றே, வகைகள் வேறு. வெளியுறையின் முதன்மைப் புரதத்தை வைத்து ஏ, பி, பிஏ, சி ஆகியவை கண்ணுக்குரியவை என்றும், டி முதல் கே வரை பிறப்புறுப்புக்குரியவை என்றும், எல்1 முதல் எல்3 வரை நிணநீர்க் கணுக்களுக்குள்ளும் ஊடுருவும் கடுமையான வகை என்றும் பிரித்திருக்கிறார்கள். அவற்றின் மரபணுத் தொகுதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்துக்குள்தான் தங்கள் கேள்விக்கான விடையில் ஒரு பெரும்பகுதி இருக்கிறது.

தொற்று நேர்ந்ததும் நம் டி-செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற செய்திப் பொருளைச் சுரக்கின்றன. அது தொற்றுக்குள்ளான செல்லில் ஒரு நொதியைத் தூண்ட, அந்த நொதி டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலத்தைச் சிதைத்துவிடுகிறது. கிளமிடியாவுக்கு அதைத் தானே முழுமையாக ஆக்கத் தெரியாது; ஆகவே இது பட்டினி போட்டுக் கொல்லும் உத்தி. பிறப்புறுப்பு வகைகள் இதற்கு ஒரு மாற்றுவழி வைத்திருக்கின்றன. டிரிப்டோஃபான் ஆக்கும் நீண்ட பாதையில் கடைசிப் படிக்குரிய நொதியின் மரபணுக்களை மட்டும் அவை இழக்காமல் காத்துவந்துள்ளன. இன்டோல் என்ற முன்பொருள் கிடைத்தால் போதும், அதிலிருந்து டிரிப்டோஃபானை ஆக்கிக்கொள்ளும். அந்த இன்டோல் எங்கிருந்து வரும்? பெண்ணின் பிறப்புப் பாதையில் லாக்டோபேசில்லஸ் குறைந்து வேறு பாக்டீரியாக்கள் மிகும்போது, அவற்றுள் சில இன்டோலைச் சுரக்கின்றன. நம் உடல் உணவை அடைத்துவைக்க, பக்கத்துக் குடித்தனம் பின்வாசல் வழியாகக் கொடுத்துவிடுகிறது. கண்ணில் அப்படிப்பட்ட அண்டை வீட்டார் இல்லை. டிராக்கோமா வகைகளில் அந்த நொதியின் மரபணு எழுத்துப் பிழைகளால் முறிந்து கிடக்கிறது. இந்த ஒரு மரபணுவைப் பார்த்தே ஒரு கிளை கண்ணுக்குரியதா, பிறப்புறுப்புக்குரியதா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்பதை ஹார்லன் கால்டுவெல்லும் அவருடைய குழுவினரும் 2003-இல் காட்டினார்கள்.

இதைச் சொன்னதும் ஒரு எச்சரிக்கையையும் சேர்த்தாக வேண்டும். கிளமிடியா செல்லுக்குள் மற்ற பாக்டீரியாக்களிடமிருந்து ஒதுங்கி வாழ்ந்தாலும், ஒரே செல்லில் இரு வகைகள் சேர்ந்து தொற்றினால் தங்களுக்குள் டி.என்.ஏ.வை மாற்றிக்கொள்கின்றன. வெளியுறைப் புரதத்துக்குரிய ஓ.எம்.பி.ஏ. மரபணு அடிக்கடி கைமாறுவதால், அதை மட்டும் கொண்டு வகை பிரித்த பழைய முறை உறவுமுறைகளைத் தவறாகக் காட்டியிருக்கிறது என்பது 2012-இல் பல கிளைகளின் முழுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது தெரிந்தது. 2016-இல் ஆஸ்திரேலியப் பழங்குடிச் சிறுவர்களின் கண்ணிலிருந்து முன்பு எடுத்துவைத்திருந்த கிளைகளைப் படித்தபோது, அவற்றின் மரபணுத் தொகுதியில் பெரும்பகுதி பிறப்புறுப்பு வகையினது என்றும், ஓ.எம்.பி.ஏ.வும் வேறு சில மேற்பரப்பு மரபணுக்களும் மட்டுமே கண் வகையிலிருந்து வந்தவை என்றும் கண்டார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு வேறு தெருவில் குடியேறிய கதை.

தாங்கள் பார்த்த இமை வளைவு ஒரே தொற்றில் வருவதன்று. சிறுவயதில் மீண்டும் மீண்டும் தொற்றி, ஒவ்வொரு முறையும் இமையின் உட்படலம் புண்ணாகி ஆறும்போது தழும்பு ஏறுகிறது. அந்தத் தழும்பு சுருங்கி இமையை உள்நோக்கி இழுக்க, மயிர் ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியை உரசி அதை வெளிற வைக்கிறது. இந்தியா டிராக்கோமாவுக்கான தேசியத் திட்டத்தை 1963-இல் தொடங்கியது. பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து அதை நீக்கிவிட்டதாக 2024 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

கேள்வி: திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கருக்குழாய்கள் இரண்டும் அடைபட்டிருப்பதாகச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனையில் கிளமிடியா எதிர்ப்பொருள் இருப்பதாகவும் வந்தது. எனக்கு ஒருநாளும் அறிகுறி இருந்ததில்லை. தெரியாமலேயே இவ்வளவு சேதம் ஆகுமா? என் கணவரை நான் சந்தேகப்பட வேண்டுமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். அந்த ஒரு பரிசோதனையை வைத்து யாரையும் சந்தேகிக்க இடமில்லை. எதிர்ப்பொருள் என்பது எப்போதோ ஒருமுறை உடல் அந்தக் கிருமியை, அல்லது அதைப்போன்ற ஒன்றைக் கண்டிருக்கிறது என்பதற்கு மட்டும் சான்று. எந்த ஆண்டு, யாரிடமிருந்து என்பதை அது சொல்லாது. கிளமிடியா நிமோனியே என்றொரு உறவினம் உண்டு. இருமல், மார்புச்சளி வழியாகப் பரவும் அது வாழ்நாளில் பெரும்பாலோரைத் தொட்டுச் செல்கிறது. சில ரத்தப் பரிசோதனைகளில் இதன் எதிர்ப்பொருளும் அதன் எதிர்ப்பொருளும் கலந்து தெரியும். இப்போது தொற்று இருக்கிறதா என்பதை அறிய, சிறுநீரிலோ கருப்பை வாய்ச் சுரப்பிலோ கிருமியின் மரபணுப் பொருளைத் தேடும் பரிசோதனைதான் வேண்டும். நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்கு இன்னொரு முக்கியக் காரணம் பிறப்புறுப்புக் காசநோய். அதைப் பார்த்தாகிவிட்டதா என்று தங்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

இனி முதல் கேள்வி. ஆம், தெரியாமலேயே ஆகும். கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. இந்தக் கிருமி வீரியமான நச்சுப்பொருள் எதையும் ரத்தத்தில் கொட்டிக் காய்ச்சல் மூட்டுவதில்லை. கருப்பை வாயில் தங்கும் தொற்று, சிகிச்சை பெறாத பெண்களில் 10 முதல் 15 விழுக்காட்டினரிடம் மேலேறி இடுப்புக்குழி அழற்சியாகிறது. கருக்குழாயின் உட்பரப்பில் நுண்மயிர்கள் அசைந்துகொண்டிருக்கும். கருமுட்டை நகர்வதற்கு அவையும் வேண்டும். தொற்றுக்குள்ளான உட்படலச் செல்கள் இன்டர்லூக்கின் முதலான செய்திப் பொருள்களைச் சுரந்து வெள்ளணுக்களை அழைக்கின்றன. வந்த வெள்ளணுக்கள் கிருமியைத் தாக்கும் போக்கில் திசுவைக் கரைக்கும் நொதிகளையும் வெளிவிடுகின்றன. நுண்மயிர்கள் அழிகின்றன, அவ்விடத்தில் நார்த்திசு வளர்ந்து குழாயை ஒட்டவைக்கிறது. முழுதும் அடைபடாமல் குறுகினாலோ, கரு அங்கேயே தங்கி வளரும் ஆபத்தும் உண்டு. தழும்பை உண்டாக்குவது கிருமி பாதி, அதை விரட்ட முயலும் நம் உடல் பாதி. மீண்டும் மீண்டும் தொற்றும்போது சேதம் கூடுவதற்கும் இதுவே காரணம்.

கிளமிடியாவின் ஹெச்.எஸ்.பி.60 என்ற புரதம் நம் உடலில் உள்ள அதே பெயர்ப் புரதத்தை ஒத்திருக்கிறது. அதற்கு எதிரான எதிர்ப்பொருள் கருக்குழாய் அடைப்புள்ள பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. உடல் தன்னையே தாக்குகிறது என்பதற்கு இதைச் சான்றாகச் சிலர் காட்டினார்கள். நீண்டகாலத் தொற்றின் அடையாளமாக மட்டும் அது இருக்கலாம் என்பதால், காரணம் என்று அதைச் சொல்ல நான் முன்வரமாட்டேன்.

டிரிப்டோஃபான் பட்டினியைப் பற்றி மேலே சொன்னேனல்லவா? அந்தப் பட்டினி அரைகுறையாக இருந்தால் கிருமி சாவதில்லை. பிளவுறாமல், வீங்கிய உருவத்தோடு, செல்லுக்குள் காத்துக்கிடக்கும். டிரிப்டோஃபான் திரும்பக் கிடைத்ததும் பழையபடி பெருகும். ஆய்வகச் செல்களில் தெளிவாகக் காணப்படும் இந்நிலை, ஒரு தொற்று மாதக்கணக்கில் ஓசையின்றி நீடிப்பதை விளங்கிக்கொள்ள உதவுகிறது. தற்போது தொற்று இருப்பதாகப் பரிசோதனை காட்டினால் கணவன், மனைவி இருவரும் ஒரே காலத்தில் மருந்து உட்கொள்ள வேண்டும். ஏற்கெனவே ஏறிய தழும்பை மருந்து நீக்காது. ஆனால் குழாய்கள் அடைபட்டிருந்தாலும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கு வழி உண்டு.

கேள்வி: மரபணுப் பரிசோதனை தவறவே தவறாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சரிதானா? (ஆய்வகத் தொழில்நுட்பர், கோயம்புத்தூர்)

பதில்: சுவீடனில் நடந்ததைச் சொல்கிறேன். கிளமிடியாவுக்குக் குரோமோசோமைத் தவிர சுமார் 7,500 கார இணைகள் கொண்ட பிளாஸ்மிட் என்னும் வட்டவடிவத் தனி டி.என்.ஏ. ஒன்றும் உண்டு. ஒரு கிருமிக்குள் அதன் படிகள் பல இருப்பதால், தேடிக் கண்டுபிடிப்பது எளிது என்று கருதி, இரண்டு பெரும் நிறுவனங்கள் தங்கள் பரிசோதனைகளை அதன் ஒரு துண்டை நோக்கியே அமைத்திருந்தன. 2006-இல் சுவீடனின் ஹாலண்ட் மாவட்டத்தில் கிளமிடியா எண்ணிக்கை 25 விழுக்காடு குறைந்தது. மகிழ்ச்சியடைய வேண்டிய செய்தி. ஆனால் அங்கிருந்தவர்கள் ஐயப்பட்டார்கள். ஆராய்ந்ததில், சரியாக அந்தத் துண்டில் 377 கார இணைகள் விடுபட்ட ஒரு புதிய வகை பரவியிருந்தது தெரிந்தது. கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வந்துகொண்டிருந்திருக்கிறது.

அந்த வகைக்கு நோயை மிகுதியாக உண்டாக்கும் ஆற்றல் எதுவும் கூடுதலாக இல்லை. பரிசோதனையில் சிக்காததால் மருந்து கிடைக்காமல் பரவியது, அவ்வளவுதான். வேறொரு நிறுவனத்தின் பரிசோதனையைப் பயன்படுத்திய மாவட்டங்களில் அதன் பங்கு குறைவாகவே இருந்ததை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். பரிசோதனையே இயற்கைத் தேர்வாகிவிட்டது என்று வகுப்பில் நான் சொல்வதுண்டு. பின்னர் பரிசோதனைகள் இரண்டு இலக்குகளைத் தேடுமாறு திருத்தப்பட்டன. 2019-இல் பின்லாந்தில் இதே கதை வேறு இடத்தில் நிகழ்ந்தது. அங்கே ரைபோசோம் ஆர்.என்.ஏ.வில் ஒற்றை எழுத்து மாறியதே போதுமானதாக இருந்தது.

கேள்வி: செல்லுக்கு வெளியே வளராத கிருமியின் மரபணுவை எப்படி மாற்றிப் பார்க்கிறார்கள்? (ஆய்வு மாணவர், திருச்சி)

பதில்: நெடுங்காலம் முடியவில்லை என்பதே விடை. விதை வடிவத்தின் உறை டி.என்.ஏ.வை உள்ளே விடாது. பெருகும் வடிவமோ பல சவ்வுகளுக்கு அப்பால் இருக்கிறது. 2011-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் இயன் கிளார்க்கின் குழு, கால்சியம் குளோரைடில் விதை வடிவத்தை ஊறவைத்து, பெனிசிலின் எதிர்ப்பு மரபணு பூட்டிய பிளாஸ்மிட்டை உள்ளே செலுத்தி வெற்றி கண்டது. அந்தப் பிளாஸ்மிட்டை எங்கிருந்து எடுத்தார்கள் தெரியுமா? மேலே சொன்ன சுவீடன் வகையிலிருந்து. 377 கார இணைகள் போனபின்பும் கிருமி நன்றாக வாழ்ந்ததால், அந்த இடத்தில் வேறு மரபணுவைச் செருகினாலும் கேடில்லை என்பதை இயற்கையே காட்டிக்கொடுத்திருந்தது. அதன் பிறகுதான் பிளாஸ்மிட்டின் எந்த மரபணு எதற்கு என்பதை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க முடிந்தது, பி.ஜி.பி.4 என்ற ஒன்று குரோமோசோமின் மரபணுக்கள் பலவற்றையும் ஆட்டிவைக்கிறது என்பது அவ்வாறு தெரிந்ததே.

கேள்வி: காசநோய்போல இதிலும் மருந்துக்கு அடங்காத வகைகள் வந்துவிட்டனவா? (கால்நடை மருத்துவ மாணவர், நாமக்கல்)

பதில்: மனிதரைத் தொற்றும் கிளமிடியா டிராக்கோமாட்டிஸில் நிலையான எதிர்ப்பு பரவவில்லை, நாளுக்கு இருமுறை என ஏழு நாள் டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். கர்ப்பிணிகளுக்கு அதற்குப் பதிலாக அசித்ரோமைசின். ஆனால் தங்கள் துறைக்கு உட்பட்ட பன்றிகளில் நிலைமை வேறு. அவற்றைத் தொற்றும் கிளமிடியா சூயிஸில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணுவைச் சுமந்த ஒரு டி.என்.ஏ. துண்டு குரோமோசோமிலேயே செருகிக் கிடக்கிறது. ஆய்வகத்தில் இரண்டு இனங்களையும் ஒரே செல்லில் சேர்த்துத் தொற்றவைத்தபோது அது மனித இனத்துக்குத் தாவியிருக்கிறது.

கேள்வி: தடுப்பூசி உண்டா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: மனிதருக்கு இன்னும் இல்லை. 2020-இல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடம் 12.85 கோடி புதிய தொற்றுகள் நேர்ந்தன என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ள ஒரு நோய்க்கு இது வியப்பானதுதான். 1960-களில் டிராக்கோமாவுக்காக முழுக் கிருமியைக் கொண்டு செய்த தடுப்பூசிகள் கொஞ்ச காலமே காத்தன. சில சோதனைகளில், பிறகு தொற்றியவர்களுக்கு நோய் கூடுதலாகவும் இருந்தது. தழும்பில் நம் உடலுக்கும் பங்குண்டு என்பதை நினைத்தால் முழுக் கிருமியைத் தடுப்பூசியாக்குவதில் உள்ள தயக்கம் விளங்கும். வெளியுறைப் புரதத்தின் துண்டுகளைக் கொண்ட சி.டி.ஹெச்.522 என்ற தடுப்பூசியை லண்டனில் 35 பெண்களிடம் சோதித்து, அது பாதுகாப்பானது, எதிர்ப்பாற்றலைத் தூண்டுகிறது என்று 2019-இல் வெளியிட்டார்கள். தொற்றைத் தடுக்கிறதா என்பது அந்தச் சோதனையின் கேள்வியாக இருக்கவில்லை.

கேள்வி: கிளி வளர்த்தால் கிளமிடியா வரும் என்று அண்டை வீட்டார் பயமுறுத்துகிறார்கள். (வாசகி, தென்காசி)

பதில்: அவர் சொல்வது கிளமிடியா சிட்டாசியைப் பற்றி, இது பாலியல் நோயன்று, நுரையீரலைத் தாக்குவது. 1929–30-இல் தென் அமெரிக்கக் கிளிகளின் வணிகத்தோடு பல நாடுகளுக்குப் பரவிய காய்ச்சல் இதனால் வந்ததே. கிருமியின் விதை வடிவம் உலர்ந்த எச்சத்தூளில் தாக்குப்பிடிப்பதால், அந்தத் தூளை மூச்சில் இழுக்கும்போது தொற்றுகிறது. நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் அடைத்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அயல்நாட்டுப் பறவை ஏதேனும் வைத்திருந்தால், கூண்டைத் துடைக்கும் முன் நீர் தெளித்து ஈரமாக்கிக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்காதீர்கள்.